பெயரும் தேதியும்

புனே,
2 ஜூன் 2025

அன்புள்ள எழில்மொழி,

வணக்கம். நேர்காணல் நாளன்று வாசலில் நின்று எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேனே, அந்தக் கார்குழலிதான் எழுதுகிறேன். உயிர்மருத்துவ அறிவியல் துறையில் நான்காம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் கோவில்பட்டி. வீட்டில் எல்லோரும் சுகமா? இங்கே மழை பிடித்துவிட்டது. ஜூன் மாதத்துக்கென்றே எனக்கு ஒரு சளி உண்டு, அதுவும் வந்துவிட்டது.

முனைவர் பட்டத்துக்கு இந்த ஆண்டு தேர்வானவர்கள் பதினான்கு பேர். பட்டியலில் உங்கள் பெயர் ஏழாவது. வாழ்த்துகள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும், அவருடைய தாய்மொழி தெரிந்த ஒரு மூத்த மாணவர் முன்கூட்டியே கையால் கடிதம் எழுத வேண்டும். இங்கே வந்துவிட்டால் எல்லாமே ஆங்கிலம்தான். கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை அதற்கு முன்பே சொந்த மொழியில் கேட்டுவிடட்டும் என்று ஒரு பேராசிரியர் தொடங்கிவைத்தது. மின்னஞ்சலில் எல்லோரும் அழகாகத்தான் கேட்பார்கள், தாளில்தான் உண்மையாகக் கேட்பார்கள் என்பது அவர் கட்சி.

ஜூலை 28, திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். ஒரு ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். ஊர்க் குளிருக்கு அல்ல. ரசாயனங்கள் வைக்கும் குளிர் அறையில் வருடம் முழுவதும் நான்கு டிகிரிதான். புதியவர்களைத்தான் அடிக்கடி உள்ளே அனுப்புவோம்.

மற்றதை நீங்கள் கேட்கக் கேட்க எழுதுகிறேன். மிக முட்டாள்தனமான கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் இருவருக்கும் வேலை சுலபம்.

அன்புடன்,
கார்குழலி


வியாசர்பாடி,
6 ஜூன், இரவு
(இதை அனுப்பவில்லை. பழைய பூகோளப் புத்தக அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.)

அன்புள்ள அக்காவுக்கு, மகிழினி எழுதுவது.

நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை. ஒரு கை தூரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். நான் எமர்ஜென்சி விளக்கின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உனக்கு ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் மேத்யூ அண்ணன் மாடிப்படியில் என் கையில் கொடுத்தார். நான் பிரித்துவிட்டேன். தப்புதான். ஆனால் நீ செய்ததும் தப்பு. போன மாதம் அப்பாவிடம், "லிஸ்ட்டுல என் பேரு வர்லப்பா" என்றாய். அப்பா கிரேனில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த களைப்பில், "வுடும்மா, அட்த்த வாட்டி பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. நீயோ மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் திருவொற்றியூர் லேபுக்கு ரத்தம் எடுக்கப் போய்விட்டாய்.

உன் பேர் லிஸ்ட்டில் இருக்கிறது. ஏழாவதாக இருக்கிறது.

ஏன் மறைத்தாய்? அப்பாவிடம் சொன்னால் நீ என்னோடு ஜென்மத்துக்கும் பேச மாட்டாய். சொல்லாவிட்டால் உன் இடம் போய்விடும். எது நடந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் வராவிட்டால் உன் பேரை அடித்துவிடுவார்களோ என்று நினைக்கும்போது இன்னும் பயமாக இருக்கிறது. அதனால் நாளைக்கு நீயாக இருந்து நான் பதில் எழுதப் போகிறேன்.

உன் தூக்கம் கலையாமல் இருக்கட்டும்.
மகி


வியாசர்பாடி,
7 ஜூன் 2025

மதிப்பிற்குரிய கார்குழலி அக்காவுக்கு,

எழில்மொழி எழுதும் கடிதம். தங்கள் சளி குணமாகியிருக்கும் என நம்புகிறேன். மிளகு போட்டுப் பால் குடிக்கவும். இங்கு நாங்கள் நால்வரும் சுகம். வடக்கே இருக்கும் ஆலைகளின் பக்கமிருந்து காற்று வீசும் நாள்களில் மட்டும் எங்கள் அப்பா இருமுவார்.

தங்கள் வாழ்த்துக்கு மிக்க நன்றி. நான் மிகவும் தைரியமானவள். இதை என் தங்கை உட்பட எல்லோரும் சொல்வார்கள். ஆகவே எனக்குப் பெரிதாகச் சந்தேகங்கள் இல்லை. சிறிதாக மூன்று இருக்கின்றன.

முதலாவது, எலி. எங்கள் பிளாக்கில் பூனை அளவுக்குப் பெருச்சாளிகள் உண்டு. அவற்றைக் கண்டால் எனக்குப் பயம். அங்கே எலியைக் கையில் பிடிக்கச் சொன்னால் என்ன செய்வது? இரண்டாவது, எங்கள் ஊர்ப் பேச்சு. வாய் தவறி 'இன்னா' என்று வந்துவிட்டால் சிரிப்பார்களா? மூன்றாவது, அங்கே வந்து ஒருவருக்கு ஒன்றுமே புரியாவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா?

என் போன் சரியில்லை. ஆதலால் தயவுசெய்து கடிதமே எழுதவும்.

இப்படிக்கு,
எழில்மொழி


புனே,
14 ஜூன் 2025

அன்புள்ள எழில்மொழி,

நலம்தானே? மிளகுப் பால் வேலை செய்தது. அப்பாவின் இருமலை யாரிடமாவது காட்டினீர்களா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

எலியிலிருந்து தொடங்குகிறேன். இங்கிருப்பது சுண்டெலி, வெள்ளையாக, உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, கை நடுங்காது என்று பார்த்த பிறகுதான் தொட விடுவோம். பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். செல்களை மட்டும் வளர்க்கிற ஆய்வகங்கள் இருக்கின்றன. முதல் ஆறு மாதம் எட்டெட்டு வாரமாக மூன்று ஆய்வகங்களில் இருந்து பார்ப்பீர்கள். அதன் பிறகுதான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது அவருடைய கட்டுரைகளை மட்டும் பார்க்காதீர்கள். அவருடைய மாணவர்கள் மதியம் சாப்பிடும்போது சிரிக்கிறார்களா என்று பாருங்கள்.

பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களா? சிரிப்பார்கள். என் கோவில்பட்டி ஆங்கிலத்துக்கும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவர்களுடைய ஜெல் சோதனை ஓடாமல் நின்றபோது, சரிசெய்யும் வழியை அதே ஆங்கிலத்தில்தான் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள்.

புரியாவிட்டால் அனுப்பிவிடுவோமா? வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ஆய்வுக் கட்டுரையை எல்லோரும் கூடி அலசுவோம். முதல் இரண்டு மாதம் எனக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஆட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துத்தான் ஆட்டியிருக்கிறார்கள்.

நிஜமாகவே குப்பைக்குப் போவது ஒன்றுதான்: பெயரும் தேதியும் எழுதாத சோதனைக் குழாய். உள்ளே என்ன அற்புதம் இருந்தாலும் சரி, யாருடையது, எப்போது போட்டது என்று வெளியே எழுதியிருக்காவிட்டால் இங்கே யாரும் அதை நம்ப மாட்டோம்.

அன்புடன்,
கார்குழலி


வியாசர்பாடி,
22 ஜூன் 2025

அன்புள்ள கார்குழலி அக்காவுக்கு,

வணக்கம். தாங்கள் சுகமா? அப்பா அரசு மருத்துவமனைக்குப் போய் ஊதிக் காட்டிவிட்டு வந்தார். நுரையீரல் பரவாயில்லையாம்.

தாங்கள் எழுதியதை ஐந்து தடவை படித்தேன். ஒருவேளை மற்றவர்களும் இந்தப் பயத்தோடுதான் இருக்கிறார்களோ என்று தோன்றியது. அதனால் எங்கள் பிளாக்கில் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் பீம்ராவ். எங்கள் பிளாக்கிலிருந்து முதன்முதலில் வெளியூர்ப் பெரிய கல்லூரிக்குப் போனவர். அப்போது பையன்கள் அவர் படத்தைப் போட்டுத் தெரு அகலத்துக்குப் பேனர் வைத்தார்கள். அதில் அவர் கோட்டுப் போட்டுச் சிரிப்பார். கோட்டு அவருடையது அல்ல, கம்ப்யூட்டரில் போட்டது. இருபது நாளில் திரும்பி வந்துவிட்டார். பேனர் மட்டும் போகவில்லை. இப்போது அதைத் தண்ணீர் மோட்டார் நனையாமல் இருக்கப் போர்த்தியிருக்கிறார்கள். மோட்டார் போடப் போகும் யாராக இருந்தாலும் அவர் முகத்தைத் தூக்கிவிட்டுத்தான் சுவிட்சைத் தட்ட வேண்டும். அவர் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார்.

டயர் மாற்றிக்கொண்டிருந்தார். ஏன் அண்ணா திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா பாப்பா, இப்ப இன்னாத்துக்கு அத்த நோண்டிகினு கீற?"

"சும்மாதாண்ணா. அடிச்சாங்களா? தொரத்துனாங்களா?"

"யாரும் ஒண்ணியும் பண்ல. மெஸ்ஸுல துன்னணும்னா கார்டு வாங்கணுமாம். வார்டன் கைல போயி கேட்டாத்தான் குடுப்பானாம். எனுக்கு யாரு சொன்னா? எல்லாரும் கார்ட நீட்டிகினு உள்ள போறான். நான் வாசல் வரிக்கும் போயி, போன் வந்த மாரி காதுல வெச்சிகினு திரும்பிடுவேன். பதினாறு நாளு பிஸ்கோத்தும் டீயும். அப்பால ஜொரம் வந்துச்சி. வண்டி ஏறிட்டேன்."

"யாரையாவது கேட்டிருக்கலாமேண்ணா?"

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேனர்ல கோட்டு போட்டு சிர்ச்சவன், சோத்துக்கு வழி இன்னான்னு போயி கேப்பானா? நீ கேப்பியா?"

தாங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?

இப்படிக்கு,
எழில்மொழி


புனே,
28 ஜூன் 2025

அன்புள்ள எழில்மொழி,

நலமறிய விரும்புகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சளியால் அல்ல.

எங்கள் மெஸ்ஸுக்கும் அந்த மாதிரிக் கார்டு ஒன்று இருக்கிறது. அதையும் விடுதிக் காப்பாளரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அது எங்கேயும் எழுதப்படவில்லை. வரவேற்புக் கையேடு என்று நாற்பது பக்கம் அச்சடிக்கிறோம். துணைவேந்தர் செய்தி இருக்கிறது. கார்டு இல்லை. பீம்ராவ் அண்ணனின் பெயரைச் சொல்லாமல் நடந்ததை மட்டும் காப்பாளரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன செய்வார் என்று தெரியவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு என் பதில்: நானும் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு ஒருத்தி வலிய வந்து சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அவசர வேலை. மனித ரத்தத்தைக் கையாளப் போகிறவர்கள் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியில் முதல் தவணையாவது போட்டுக்கொண்டு வர வேண்டும். மொத்தம் மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. படிவம் இணைத்திருக்கிறேன். ரத்த வகை, எடை, ஊசி போட்ட தேதி, போட்டவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் வேண்டும். ஜூலை 15க்குள் வராவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
கார்குழலி


வியாசர்பாடி,
7 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அக்கா,

வணக்கம். அனைவரும் நலம். படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். ஊசி வலிக்கவில்லை. வேறு செய்தி இல்லை.

இப்படிக்கு,
எழில்மொழி


புனே,
12 ஜூலை 2025

கடிதம் எழுதுகிற தங்கைக்கு,

கை வீக்கம் குறைந்ததா? முதல் நாள் குளிர்ந்த நீரில் ஒத்தடம் கொடுத்திருக்கலாம்.

பயப்படாமல் படி. எழில்மொழிக்கு நேர்காணல் அன்று இங்கேயே ரத்தம் எடுத்தார்கள். பி பாசிட்டிவ். நீ அனுப்பிய படிவத்தில் ஓ பாசிட்டிவ் என்று இருக்கிறது. ரத்த வகை இரண்டு மாதத்தில் மாறாது. எடை முப்பத்தெட்டு கிலோ. உன் அக்கா என் கையிலிருந்து நான்கு சமோசா வாங்கிச் சாப்பிட்டார். அவர் முப்பத்தெட்டு கிலோ இல்லை.

அதற்கு முன்பே சந்தேகம்தான். எலிகளோடு ஆறு மாதம் வேலை செய்த கதையை அன்றைக்கு அவர் எனக்குப் பத்து நிமிடம் சொன்னார். எலிக்குப் பயந்து கடிதம் வந்தது. பீம்ராவ் அண்ணன் இருபத்துமூன்று வயதுப் பெண்ணை 'பாப்பா' என்று கூப்பிட்டாராம். உன் தாளில் கணக்குப் பாடத்துக்கு விடுகிற ஓரக்கோடு இருக்கிறது.

படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போகவில்லை, போகவும் போகாது. உன் கடிதங்களுக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் பதில் எழுதுவேன். ஆனால் அக்காவின் இடத்தை உன் கையில் ஊசி போட்டுப் பிடித்துவைக்க முடியாது. அலுவலகத்தில் பேசி ஜூலை 23 வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை.

இன்னொன்று. சேர விருப்பமா என்று கேட்டு அலுவலகம் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. கடைசி நாள் மே 30. உன் அக்காவின் சம்மதம் அன்று இரவு 11.52க்கு வந்திருக்கிறது. அதை அழுத்தியது நீ இல்லைதானே?

உன் பெயரைச் சொல்.

அன்புடன்,
கார்குழலி


வியாசர்பாடி,
16 ஜூலை, இரவு

அன்புள்ள கார்குழலி அக்காவுக்கு,

என் பெயர் மகிழினி. பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. வயது பதினைந்தே முக்கால். கை வீக்கம் போய்விட்டது. தாங்கள் நலமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

அழுத்தியது நான் இல்லை. எனக்குப் போனே கிடையாது. தபால்காரர் மேத்யூ அண்ணன் ஒவ்வொரு தடவையும், "இன்னா பாப்பா, லவ் லெட்டரா?" என்பார். "இல்லண்ணா, சயின்ஸு" என்பேன்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போகாமல் ஊசி எப்படிப் போடுவது என்று மூன்று நாள் யோசித்தேன். பிறகு அக்காவின் சுடிதாரையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே இருதயம்மாள் என்று ஒரு சிஸ்டர். என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருவத்திமூணு வயசுன்னு போட்டுகீது. காத்தடிச்சா பறந்துடுவ போல கீற. சோறு துன்றியா இல்லியா?"

"டயட்டு சிஸ்டர்."

"டயட்டாம் டயட்டு. இந்த எலும்புல எங்க குத்துறது நானு? கைய குடு."

வலித்தது அக்கா. வலிக்கவில்லை என்று எழுதியது பொய். ஆனால் ஊசி ஏறும்போது, இது எழிலக்காவுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பயம் போய்விட்டது. பஸ்ஸில் வரும்போது திரும்ப வந்துவிட்டது.

நான் செய்ததற்காக அவள் பெயரை அடித்துவிடாதீர்கள். கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

தங்கள் நான்கு கடிதங்களையும், நான் அனுப்பாமல் வைத்திருந்த ஒன்றையும் தேதி வாரியாக அடுக்கிவிட்டேன். நான் தங்களுக்கு எழுதியவற்றுக்கும் நோட்டில் நகல் இருக்கிறது. நாளைக் காலை அவள் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைக்கப் போகிறேன். மதியம் ஒரு மணிக்குப் பார்ப்பாள். எனக்கு அப்போது இயற்பியல் வகுப்பு.

மகிழினி


திருவொற்றியூர்,
18 ஜூலை 2025

அன்புள்ள கார்குழலி,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நான் எழில்மொழி. இது என்னுடைய முதல் கடிதம். கையெழுத்து வேறாக இருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

சாட்சிக்கு ரத்த வகைச் சான்றும், மூன்று ஊசியும் போட்டு முடித்த சான்றும் கூரியரில் இணைத்திருக்கிறேன். ரத்தம் எடுக்கிற வேலைக்கு அது இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். என் மூன்றாவது ஊசி ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அந்தச் சான்று நான் தினமும் தூக்கிக்கொண்டு போகிற பையில்தான் இருந்தது. மகி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் அவளால் எப்படிக் கேட்டிருக்க முடியும்? நான்தான் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லையே.

அந்தப் பொத்தானை அழுத்தியது நான்தான். மாடிப்படியில், மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தினேன். எதிரே பேனரில் பீம்ராவ் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். சொன்னால் மறுநாளே எனக்கும் ஒரு பேனர் வந்துவிடும். எனக்குப் போகப் பயமில்லை, கார்குழலி. திரும்பி வந்தால் என் முகத்தை எதன் மேல் போர்த்துவார்களோ என்றுதான் பயம். ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தால், போகாமலே இருந்துவிடலாம் அல்லவா? அப்படித்தான் ஐம்பது நாள் ஓட்டினேன்.

ராத்திரிகளில் துப்பட்டாவுக்குள் விளக்கு எரிவது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பையன் எவனுக்கோ எழுதுகிறாள் என்று நினைத்து, எப்போது கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

நேற்று இரவு கடிதங்களை நானே அப்பாவிடம் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முடித்துவிட்டு அப்பா மறுபடி முதலிலிருந்து படித்தார். திட்டுவார் என்று நானும் மகியும் சுவரோரமாக நின்றோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஜூலை மாசத்துல ஸ்வெட்டர் எங்கம்மா கெடைக்கும்?"

27ஆம் தேதி மாலை அங்கே இருப்பேன். பேனர் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

எழில்மொழி


புனே,
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மகி,

வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். தினமும் மழை. அப்பா கண்டுபிடித்து வாங்கிய ஸ்வெட்டர் முழங்கால் வரைக்கும் வருகிறது. குளிர் அறையில் என்னைப் பார்த்தால் எல்லோரும் பொறாமைப்படுகிறார்கள்.

முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நேற்று நடந்தது. எனக்குப் புரியவில்லை. தலையாட்டப் போனேன். எதிரே கார்குழலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி, புரியவில்லை என்று சொன்னேன். பேசியவர் இரண்டாவது படத்துக்குத் திரும்பிப் போனார். பக்கத்திலிருந்த ஒடிசாப் பெண் மேசைக்கு அடியில் என் கையை அழுத்தினாள்.

இப்போது சொல்லப்போவதைப் பீம்ராவ் அண்ணனிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 27ஆம் தேதி இரவு விடுதி அறையைத் திறந்தேன். தலையணை மேல் ஒரு கார்டு இருந்தது. மெஸ் கார்டு. என் பெயர், அன்றைய தேதி, காப்பாளர் கையெழுத்து. யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு மட்டும் என்று நினைத்து ஒடிசாப் பெண்ணின் அறையை எட்டிப் பார்த்தேன். அவள் தலையணை மேலும் இருந்தது. பதினான்கு தலையணை மேலும் இருந்தது. இனி வருடா வருடம் இப்படித்தான் வைப்பார்களாம்.

சென்ட்ரலில் வண்டி கிளம்பும்போது அண்ணன் ஓடி வந்து ஜன்னல் வழியாக ஒரு பிஸ்கெட் பாக்கெட் கொடுத்தாரே, "இத்த துன்னாத. பொங்கலுக்கு வரும்போது பிரிக்காம எடுத்தாந்து என் கைல குடுக்கணும், இன்னா?" என்று. அது என் மேசை மேல் இருக்கிறது. பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிட்டேன். யாரும் தூக்கிப் போட மாட்டார்கள்.

கடைசியாக உன் விஷயம். உன் சின்ன வயது ஊசி அட்டை 2015 வெள்ளத்தோடு போய்விட்டது. போட்டார்களா இல்லையா என்பதற்கு நம்மிடம் ஒரு ஆதாரமும் இல்லை. ஆகவே தொடங்கியதை முடித்துவிடு. இரண்டாவது ஊசி வரும் செவ்வாய்க்கிழமை. இந்த முறை அம்மாவோடு போ. உன் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போ.

முத்தங்கள்,
எழில்


வியாசர்பாடி,
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? இனி இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உன் பாயில் இப்போது நான் குறுக்காகப் படுத்துக்கொள்கிறேன். அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார். இந்தக் கடிதத்தை டியூப்லைட் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "நான் கேட்டேன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஊசி நாள் உனக்கு முன்பே எனக்கு ஞாபகம் இருந்தது.

பீம்ராவ் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். லாரியில் ஏறப் போனவர் படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றுவிட்டார்.

"எல்லாருக்கும் வெச்சிகீறானா?"

"எல்லாருக்கும்ண்ணா."

"பதினாலு பேருக்குமா?"

"பதினாலு தலகாணி மேலயும்ண்ணா. இனிமே வருஷா வருஷம் வெப்பாங்களாம்."

ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பிளாக் வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எதிர் பிளாக்கிலிருந்து எல்லோரும் வெளியே வந்து திட்டினார்கள். சாயங்காலம் வந்து மோட்டார் மேலிருந்த பேனரை அவரே உருவினார். அதற்குப் பதில் தகரம் வாங்கி அடித்திருக்கிறார். மழைக்கு அதுதான் நல்லதாம்.

செவ்வாய்க்கிழமை அம்மாவோடு ராயபுரம் போனேன். இருதயம்மாள் சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பழைய நோட்டைப் புரட்டினார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன தடவை சொன்னது அக்கா பெயர் என்றும், அக்கா படிக்கப் போய்விட்டாள் என்றும், என் வயது பதினைந்தே முக்கால் என்றும். அவர் கண்ணாடிக்கு மேலாக ரொம்ப நேரம் முறைத்தார். பழைய வரியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் என் பெயரை எழுதினார். அப்புறம் புதிய அட்டை ஒன்றை எடுத்தார். பெயர் எழுதினார், தேதி எழுதினார்.

"போன மாசம் எழில்மொழி. இந்த மாசம் மகிழினி. அட்த்த வாட்டி இன்னா பேரு சொல்லிகினு வருவ?"

"அடுத்தது ஜனவரில சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். "அப்பவும் இதே பேருதான்."

இப்படிக்கு உன் தங்கை,
மகிழினி